கல்யாண நாள் கேட்டார்கள், கழுத்தைக் கேட்கவில்லை

அண்ணா நகரில் ஒரு பிலாட்டிஸ் வகுப்பு; மூச்சோடு சேர்த்து வயிறு, முதுகுத் தசைகளை வலுவாக்குகிற உடற்பயிற்சி. வாசலில் 'கழுத்து, முதுகு வலிக்குத் தீர்வு' என்று பெரிய போர்டு. கழுத்து வலியோடு நுழைந்ததும் ஒரு படிவம்: பெயர், வாட்ஸ்அப் நம்பர், பிறந்த நாள், கல்யாண நாள். வலி எங்கே, எவ்வளவு காலமாக, கை மரத்துப்போகிறதா என்று ஒரு வரி கிடையாது. மெல்பர்னில் நான் போகிற இடத்தில் இதையெல்லாம் கேட்காமல் பாயில் படுக்கவே விடமாட்டார்கள். அவ்வளவு ஏன், அந்தக் காலத்தில் சுளுக்கு எடுக்கிற பெரியவரே, "எந்தப் பக்கம்? ராத்திரி எப்படிப் படுத்தே?" என்று விசாரித்துவிட்டுத்தான் எண்ணெயில் கை வைப்பார்.

உள்ளே குத்துப்பாட்டு அலறுகிறது. சொல்லிக்கொடுத்த தம்பி நல்ல பிள்ளைதான். ஆனால் எடுத்த எடுப்பில் 'ஹண்ட்ரட்'. மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் தூக்கி, 5 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 5 எண்ணும்வரை விட்டு, கையை மேலும் கீழுமாக 100 தரம் அடிக்க வேண்டும். ஜோசப் பிலாட்டிஸ் வகுத்த அசல் பயிற்சிதான். ஆனால் வயிற்றில் வலு இல்லாதவன் தலையைத் தூக்கினால் பாரம் முழுக்கக் கழுத்துக்குத்தான். தலை என்ன லேசா, 5 கிலோ வரும்!

"தலையைக் கீழேயே வச்சுக்கிறேனே தம்பி."

"தூக்கினாத்தான் சார் கோர், அதான் வயித்துத் தசை, வேலை செய்யும்."

வாதாடப் பாட்டுச் சத்தம் விட்டால்தானே.

நல்லவேளை, உள்ளறையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா வந்தார். பாட்டை நிறுத்தச் சொன்னார். துண்டை மடித்து என் தலைக்கடியில் வைத்து, பிடரிக்குக் கீழே இரண்டு விரலை நுழைத்தார். "ஆமான்னு லேசாத் தலையாட்டுங்க. என் விரலை நசுக்கக் கூடாது." மோவாய் அரை அங்குலம் இறங்கியிருக்கும், அவ்வளவுதான். அப்படியே 10 எண்ணச் சொன்னார். பாதியிலேயே தொண்டைக்குப் பின்னால் ஏதோ நடுங்கியது. ஆழத்தில் இருக்கிற சின்னத் தசைகள் வலுவிழந்தால் மேலே இருக்கிற பெரிய தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிக்கும், கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கதைதான் என்றார். ஆஸ்திரேலியாவிலும் இதைத்தான் சொன்னார்கள், பல மடங்கு காசுக்கு. பிலாட்டிஸுக்கு இருந்த காப்பீட்டுச் சலுகையையும் 2019 ஏப்ரலில் அங்கே பிடுங்கியிருந்தார்கள்.

ஊரில் இருக்கிறவரை இந்த அம்மாவிடமே வருகிறேன் என்றேன். மூன்று மாத பேக்கேஜ் எடுத்தால்தானாம். "அடுத்த வாரம் ஃப்ளைட்மா" என்றேன். "மிச்சத்தை ஃபேமிலில யாருக்காவது மாத்திடலாம் சார்" என்றது ரிசப்ஷன். மச்சினன் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு முழங்கால் வலி.