வேக்குவமா, எஸ்எஃப்6 வாயுவா? பிரேக்கர் தேர்வில் பராமரிப்புப் பக்கத்துக் கணக்கு

கோளாறு வந்தால் மின்பாதையைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் பிரேக்கர். எண்ணெய் பிரேக்கரில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்பு மறக்காது. 11 கே.வி. (கிலோவோல்ட்) ஃபீடரில், அதாவது ஊர்ப்பக்கம் மின்சாரம் கொண்டுபோகும் லைனில், அடுத்தடுத்து நாலைந்து ஃபால்ட் (மின்கோளாறு) வந்தால் போதும், தேன் நிறத்தில் ஊற்றிய எண்ணெய் மையாக வெளியே வரும். காண்டாக்ட் (பிரேக்கருக்குள் சேர்ந்து பிரியும் உலோக முனைகள்) பிரியும்போது எழும் ஆர்க் (மின்பிழம்பு), சுற்றியிருக்கும் எண்ணெயைச் சிதைத்து ஹைட்ரஜனாகவும் கரியாகவும் ஆக்கிவிடுகிறது. ஹைட்ரஜன் ஆர்க்கைக் குளிரவைத்து அணைக்கும். கரி அப்படியே எண்ணெயில் தங்கும். அதை வடித்து, புது எண்ணெய் ஊற்றி, பி.டி.வி. (எண்ணெய் எவ்வளவு மின்னழுத்தம் தாங்கும் என்ற சோதனை) பார்த்து, மறுபடி சர்வீஸில் போடுவதற்குள் அரை நாள் போய்விடும். தீப்பிடிக்கும் பயம் தனி. காற்றை அழுத்தி ஊதி அணைக்கும் ஏர் பிளாஸ்ட் பிரேக்கரில் அந்தப் பயம் இல்லை. ஆனால் கம்ப்ரசரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும், ட்ரிப் ஆனால் வெடி வைத்தாற்போல் சத்தம். இன்று புதிதாக வாங்குபவர்கள் இந்த இரண்டையும் நினைப்பதில்லை. போட்டி வேக்குவத்துக்கும் (வெற்றிடம்) எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு) வாயுவுக்கும்தான்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ.சி. மின்னோட்டத்தை எந்தப் பிரேக்கரும் பலவந்தமாக வெட்டுவதில்லை. 50 ஹெர்ட்ஸில் 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை மின்னோட்டம் தானாகவே பூஜ்யத்தைத் தொடும். அந்த நொடியில் ஆர்க் அணையும். அதன் பிறகு நடப்பது ஓட்டப்பந்தயம்: காண்டாக்ட் இடைவெளி காப்புத்திறனைத் திரும்பப் பெறும் வேகம் ஒரு பக்கம், அதன் குறுக்கே மின்னழுத்தம் ஏறும் வேகம் மறுபக்கம். இடைவெளி முந்தினால் ஃபால்ட் விலகும். பிந்தினால் ஆர்க் மறுபடி பற்றும்.

வேக்குவம் இந்தப் பந்தயத்தில் அசுர வேகம். உள்ளே எரிய எண்ணெயும் இல்லை, வாயுவும் இல்லை. ஆர்க் என்பதே காண்டாக்டிலிருந்து கிளம்பும் உலோக ஆவிதான். மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொட்டதும் ஆவி மறுபடி உலோகத்தில் படிந்துவிடும், இடைவெளி சுத்தமாகிவிடும். 11 கே.வி. பாட்டிலில் (காண்டாக்டை உள்ளே வைத்து, காற்றை நீக்கி மூடிய குடுவை) காண்டாக்ட் விலகும் தூரம் ஏறக்குறைய 8 முதல் 12 மி.மீ., சுண்டுவிரல் அகலம்கூட வராது. இவ்வளவு எளிய யோசனையை அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் சோரன்சனும் மெண்டன்ஹாலும் 1926-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். ஆனால் உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் வாயுவை முழுக்க வெளியேற்றுவதும், பல ஆண்டு கசியாத சீல் போடுவதும் கைவராததால், சந்தைக்கு வர 1960-கள் ஆகிவிட்டன.

எஸ்எஃப்6 வேறு வழியில் வெல்கிறது. அதிலுள்ள ஃப்ளூரின் அலையும் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாதாரண அழுத்தத்திலேயே காற்றைவிட இரண்டரை, மூன்று மடங்கு காப்புத்திறன். 1950-களில் வெஸ்டிங்ஹவுஸ் அதைப் பிரேக்கருக்குக் கொண்டுவந்த பிறகு, உயர் மின்னழுத்த யார்டு (துணை மின்நிலையத்தின் கருவிகள் நிற்கும் இடம்) எல்லாம் மெல்ல மெல்ல அதன் கைக்குப் போனது.

அப்படியானால் எதை எங்கே போடுவது? 11, 33 கே.வி.க்கு எனக்குச் சந்தேகமே இல்லை, வேக்குவம்தான். அடிக்கடி ட்ரிப் ஆகும் கிராமத்து ஃபீடரில், சாதாரண லோடில் பத்தாயிரம் முறை திறந்து மூடினாலும் தாங்கும் ரகங்கள் இருக்கின்றன. ஸ்பிரிங் மெக்கானிசத்துக்கு கிரீஸ் போட்டு, காண்டாக்ட் ராடில் உள்ள தேய்மானக் குறியைப் பார்த்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது.

ஆனால் ஒரு குறை உண்டு. வேக்குவம் போய்விட்டால் பாட்டில் வெளியே ஒன்றும் காட்டாது. எஸ்எஃப்6 பிரேக்கரில் அடர்த்தி மானி இருக்கிறது. வாயு குறைந்தால் முதலில் அலாரம், இன்னும் இறங்கினால் லாக்அவுட், அதாவது பிரேக்கர் இயங்காமல் பூட்டிக்கொள்ளும். வேக்குவத்தில் ஹைபாட் (உயர் மின்னழுத்த) சோதனை செய்தால்தான் தெரியும். லைன் கிளியர் (வேலைக்கான அனுமதி) வாங்கி, எர்த் போட்டு, டிராலியை வெளியே இழுத்து, பிரேக்கரைத் திறந்த நிலையில் வைத்து, ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒரு நிமிடம் உயர் மின்னழுத்தம் கொடுப்பார்கள். 12 கே.வி. ரகம் (11 கே.வி. லைனில் போடுவது) புதிதில் 28 கே.வி. தாங்கவேண்டும். அந்த ஒரு நிமிடம் சோதனை கிட்டின் மானி முள் அசையாமல் நிற்கிறதா என்று எல்லார் கண்ணும் அதிலேயே இருக்கும். இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று, வேக்குவம் சிறிய மின்னோட்டத்தைப் பூஜ்யத்துக்கு முன்பே வெட்டிவிடக்கூடும். பெரிய மோட்டாரை அதில் இணைத்தால் சர்ஜ் அரெஸ்டரும் (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் கருவி) சேர்த்துப் போடவேண்டும்.

110 கே.வி.க்கு வந்தால் கணக்கு மாறும். வேக்குவத்தில் இடைவெளியை இரட்டிப்பாக்கினால் தாங்குதிறன் இரட்டிப்பாகாது, அதற்குக் கீழேதான் நிற்கும். அதனால் பாட்டில் பெரிதாகிக்கொண்டே போகும், அல்லது இரண்டைத் தொடராகப் போடவேண்டிவரும். எஸ்எஃப்6 இங்கே சிரமமில்லாமல் வேலை செய்யும்.

அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் என்னை உறுத்துகிறது. ஒரு கிலோ எஸ்எஃப்6 காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் 23 டன்னுக்கும் மேலான கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். நிறமில்லை, மணமில்லை, காற்றைப்போல் ஐந்து மடங்கு கனம். கேபிள் டிரெஞ்சில் தேங்கினால் உள்ளே இறங்குபவருக்கு மூச்சு முட்டும். ஆர்க் பட்ட வாயுவோ நச்சு. உள்ளே படியும் வெள்ளைத் தூளை வெறுங்கையால் தொடவே கூடாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த விதிப்படி, சில விலக்குகள் தவிர, 24 கே.வி. வரையிலான புதிய கருவிகளில் 2026 தொடங்கி இந்த வாயுவுக்கு இடமில்லை. 52 கே.வி.க்கு மேல் 145 கே.வி. வரையிலானவற்றுக்கு 2028 முதல். 145 கே.வி.க்கு வேக்குவம் பாட்டிலும், காப்புக்குச் சுத்தமான உலர்காற்றும் சேர்ந்த பிரேக்கர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிய 110 கே.வி. துணை மின்நிலையத்துக்கு டெண்டர் எழுதுபவர்கள் அந்த ரகத்துக்கும் விலை கேட்கவேண்டும் என்பது என் கட்சி. முதல் விலை கூடினாலும், வாயு நிரப்புதல், கசிவு தேடுதல், கடைசியில் வாயுவை அப்புறப்படுத்துதல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

230, 400 கே.வி. யார்டில் இன்றைக்கு நிற்பவை பெரும்பாலும் எஸ்எஃப்6 பிரேக்கர்கள்தான். அவற்றை ஓவர்ஹால் செய்யும்போது வால்வைத் திறந்து வாயுவை வெளியே விட்டுவிடுவது சுலபம், யார் கண்ணுக்கும் தெரியாது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாயுவை மீட்கும் வண்டி வரும்வரை அந்த பே (அந்தப் பிரேக்கர் உள்ள பகுதி) இன்னும் ஒரு நாள் நிற்கட்டும்.