களிமண்ணா, வெட்டிய காகிதமா?

மாணவர் படத்துக்கு ஸ்டாப் மோஷன், அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து அசைவாக்கும் முறை, என்று முடிவானதும் அடுத்து வரும் கேள்வி இது. நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள். ஒரே நிலையை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தாலும் ஒரு நிமிடத்துக்கு 720 முறை பொம்மையை நகர்த்த வேண்டும்.

களிமண் என்றால் பிளாஸ்டிசின்தான். எண்ணெய் கலந்தது, காயாது. உள்ளே அலுமினியக் கம்பி வைத்தால் கைகால் நிற்கும். ஆனால் விளக்குச் சூட்டில் இளகும், பொம்மையின் வெள்ளைச் சட்டையில் விரல் அழுக்கு ஏறிக்கொண்டே போகும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். புருவத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் போதும், பாட்டி முகத்தில் கவலை வந்துவிடும். விரல் ரேகைகள் திரையில் துடிப்பதும் எனக்குப் பிடிக்கும். தோலுக்கு உயிர் இருக்கிற மாதிரி தெரியும்.

காகிதத்துக்குச் செலவு குறைவு. மேசைக்கு மேலே கேமரா, கத்தரிக்கோல், அப்புறம் மூட்டுகளுக்கு நூல் முடிச்சு. பொம்மை சரிந்து விழாது. தலையைத்தான் திருப்ப முடியாது, பக்கவாட்டு முகத்தைத் தனியாக வெட்ட வேண்டும். மழை, பறவைக் கூட்டம், திருவிழா என்று விரியும் கதைக்கு இதுவே சரி.

இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருக்கிற கதை என்றால், எவ்வளவு சிரமமானாலும் களிமண்ணையே எடுங்கள்.