கன்டெய்னர் கப்பலா, அரானுயி 5-ஆ?

சரக்குக் கப்பலில் பயணியாகச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பெருங்கடல்களைக் கடக்கும் கன்டெய்னர் கப்பல். 12 பயணிகளுக்கு மேல் ஏற்றினால் பன்னாட்டு விதிகளின்படி அது பயணிகள் கப்பலாகக் கருதப்பட்டு, கடுமையான நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டியிருக்கும் என்பதால், ஒருசில அறைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பொதுவாக மருத்துவர் இருக்க மாட்டார். உணவு கப்பல் அதிகாரிகளுடன்தான். வாரக்கணக்கில் கடலும் தனிமையும் போதும் என்பவருக்கே இது பொருந்தும். 2020-இல் பரவிய கொரோனாவுக்குப் பின் இந்த வழி பெரிதும் சுருங்கிவிட்டது.

சரக்கு யாருக்காகப் போகிறது என்பதைக் கண்ணால் காண விரும்புவோருக்கு, என் கணிப்பில், இரண்டாவது வழியான அரானுயி 5 என்ற கப்பலே மேல். 2015 இறுதியில் ஓடத் தொடங்கிய அரானுயி 5, தென் பசிபிக் தீவான தஹிதியின் பப்பீத்தே துறைமுகத்திலிருந்து மார்க்கெசாஸ் தீவுகளுக்குச் செல்கிறது. முன்பாதியில் பாரந்தூக்கிகளும் சரக்கும், பின்பாதியில் இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகளுக்கான அறைகளும் கொண்ட இக்கப்பல், ஏறத்தாழ 12 நாள் பயணத்தில், மக்கள் வாழும் ஆறு தீவுகளிலும் சிமெண்ட், எரிபொருள், உணவுப்பொருள் முதலியவற்றை இறக்கிவிட்டு, கொப்பரையை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. நீச்சல்குளமும் உண்டு. கரையில் சரக்கு இறங்கும் நேரமே பயணிகள் ஊர் பார்க்கும் நேரம்.