மாதிரியெடுப்பு இடைவெளி: இரு பரிமாண எல்.சி.யில் என் ஒன்றரை ஆண்டு

தாவரச் சாறுகளில் உள்ள பாலிஃபீனால்களைப் பிரிக்க ஒன்றரை ஆண்டாக முழுமையான இரு பரிமாண எல்.சி.யைப் (திரவ நிறப்பிரிகை: ஒரு குழாயில் பிரிந்து வருவதைத் துண்டு துண்டாகப் பிடித்து, இரண்டாம் குழாயில் மறுபடி பிரிக்கும் முறை) பயன்படுத்தி வருகிறேன். முதல் பரிமாணம் ஹிலிக் (நீர் நாட்டமுள்ள சேர்மங்களைப் பிடித்து வைக்கும் குழாய்), இரண்டாவது சி18 (நீர் நாட்டம் குறைந்தவற்றைப் பிடித்து வைக்கும் குழாய்). நடுவில் இரண்டு லூப் (வெளிவருவதைப் பிடித்து வைக்கும் சிறு குழாய்ச் சுருள்) மாட்டிய வால்வு. ஒரு லூப் நிரம்பும்போது மற்றதில் பிடித்து வைத்தது இரண்டாம் பரிமாணத்தில் ஓடும். குறித்த நொடியில் வால்வு திரும்பும், லூப்கள் இடம் மாறும். அந்த இடைவெளியை எத்தனை நொடி வைப்பது என்பதில்தான் இந்த முறையின் உயிரே இருக்கிறது.

ஆரம்பத்தில் 60 நொடி வைத்தேன். இரண்டாம் பரிமாணத்துக்கு நிறைய நேரம் கிடைக்கிறதே என்று நிம்மதி. ஆனால் ஹிலிக்கில் அருகருகே பிரிந்து வந்த இரண்டு கிளைக்கோசைடு ஐசோமர்கள் (ஒரே வாய்பாடும் வேறு அமைப்பும் கொண்ட, சர்க்கரை இணைந்த சேர்மங்கள்) இரு பரிமாணப் படத்தில் ஒரே புள்ளியாகத் தெரிந்தன. காரணம் எளியது. என் முதல் பரிமாண பீக்கின் (ஒரு சேர்மம் வெளிவரும்போது பதிவாகும் மேடு) அடி அகலமே ஏறத்தாழ 60 நொடிதான். பிரிந்து வந்த இரண்டையும் ஒரே லூப்பில் பிடித்து நானே மறுபடி கலந்திருக்கிறேன்! சி18-ஆலும் அவற்றைப் பிரிக்க முடியவில்லை.

சரி, வேகமாக வெட்டுவோம் என்று 15 நொடிக்குப் போனேன். அது இன்னும் மோசம். வால்வு திரும்பிய பின் கிரேடியன்ட் (படிப்படியாக மாறும் கரைப்பான் கலவை) சி18 குழாயை எட்ட 4 நொடி, மறுசமநிலைக்கு (குழாயைத் தொடக்க நிலைக்குத் திருப்ப) 4 நொடி. பிரிப்புக்கு மிஞ்சியது 7 நொடி. தாமதமாக வெளிவரும் சேர்மங்கள் அடுத்த சுழற்சியில் போய் விழுந்து, படத்தில் இருக்கக்கூடாத இடத்தில் கோடு கோடாகத் தெரிந்தன.

அப்புறம்தான் கணக்கைக் கையில் எடுத்தேன். 1998-இல் மர்ஃபி, ஷூர், ஃபோலி மூவரும் சொன்ன விதி: முதல் பரிமாண பீக்கின் 8 சிக்மா அகலத்தை (சிக்மா என்பது பீக்கின் நியம விலக்கம்; அடி அகலம் 4 சிக்மா) மூன்று நான்கு துண்டாக வெட்டினால் போதும். பின்னர் டேவிஸ், ஸ்டோல், கார் ஆகியோர் இழப்பையே எண்ணாகத் தந்தார்கள்: இடைவெளியை 4 சிக்மா அகலத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 3.35-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். முதல் பரிமாணத்தின் பீக் கொள்ளளவு (ஓர் ஓட்டத்தில் தனித்தனியாகப் பிரியக்கூடிய பீக்குகளின் எண்ணிக்கை) அத்தனை மடங்கு குறையும். என் பீக்குக்கு 60 நொடியில் 2.09, 30 நொடியில் 1.36, 15 நொடியில் 1.10. முப்பதிலிருந்து பதினைந்துக்கு இறங்கினால் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். அதற்கு விலையாக 22 நொடிப் பிரிப்பு நேரம் 7 ஆகிவிடுகிறது. 30 நொடியிலேயே நின்றுவிட்டேன்.

லூப்பிலும் ஒரு முறை ஏமாந்தேன். ஹிலிக்கிலிருந்து வரும் அசிட்டோநைட்ரைல் சி18-இல் பீக்கைச் சிதைக்கும் என்பதால், நிமிடத்துக்கு 50 மைக்ரோலிட்டர் ஓட்டத்தோடு 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் சேர்க்கிறேன். 30 நொடியில் 75 மைக்ரோலிட்டர். லூப் 80. தாராளமாகப் பிடிக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் லூப் குழாயின் நடுவில் ஓட்டம் சராசரியைவிட வேகம், கிட்டத்தட்ட இரு மடங்கு. லூப் நிரம்புவதற்குள்ளேயே மாதிரியின் ஒரு பகுதி கழிவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 120 மைக்ரோலிட்டர் லூப் மாட்டியதும் பீக்கின் பரப்பளவு ஏறியது.

அளவறிதலில் ஒரு விஷயத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். பீக்கின் நடு, ஒரு வெட்டின் நடுவில் விழுந்தால் அந்தத் துண்டில் 68 சதவீதம், இரு பக்கமும் 16 சதவீதம். அதே பீக் 15 நொடி நகர்ந்தால் இரண்டு துண்டில் ஏறக்குறைய 48 சதவீதம் வீதம், மீதி ஓரங்களில் துளித்துளி. மாதிரியில் எதுவும் மாறவில்லை, உயரம் மட்டும் 30 சதவீதம் சரிந்து நிற்கும். அதனால் உயரத்தை ஒருபோதும் நம்புவதில்லை; எல்லாத் துண்டுகளின் பரப்பையும் கூட்டுகிறேன். குறைந்த செறிவுச் சேர்மங்களில் அந்த ஓரத் துளிகள் இரைச்சலில் மறைந்துவிடும் என்பதால், முதல் பரிமாணக் குழாயின் வெப்பநிலையை நிலையாக வைத்து நகர்வையே குறைக்கப் பார்க்கிறேன்.

டிடெக்டர் வேகத்தையும் மறந்துவிடாதீர்கள். இரண்டாம் பரிமாண பீக் ஒரு நொடி அகலம்தான். 5 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 5 அளவீடு) வைத்தால் ஐந்தே புள்ளிகள். நான் 40-இல் வைத்திருக்கிறேன்.

30 நொடி என்றால் ஒரு மணி நேர ஓட்டத்தில் வால்வு 120 முறை திரும்புகிறது. ரோட்டர் சீல் (வால்வுக்குள் சுழலும், கசிவைத் தடுக்கும் தட்டு) இதுவரை இரண்டு முறை மாற்றியாயிற்று. இப்போது திருப்பல் எண்ணிக்கையை நோட்டில் எழுதி வருகிறேன். அடுத்த சீலை, அழுத்தம் ஆடத் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும்.