பிடரியில் தொடங்கும் தலையிடி: ரொறன்ரோ ஸ்காபரோவில் நான் போன கைரோபிராக்டர்

இருபது வருடமாக வீட்டிலிருந்து சாறி பிளவுஸ் தைக்கிறேன். கோடையில் கலியாணக் காலம் வந்தால் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் மெசினில் குனிந்தபடிதான். இரண்டு வருடமாக வலப்பக்கப் பிடரியில் ஓர் இறுக்கம் தொடங்கும். மத்தியானத்துக்குள் அது காதுக்குப் பின்னால் ஏறி, வலது புருவத்துக்கு மேலே வந்து குந்திவிடும். கிழமையில் நாலு நாள் இப்படி. கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். சைனஸ் என்று ஆவியும் பிடித்தேன். டைலனோல் என்ற நோக்குளிசைப் போத்தல் தையல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

முதலில் வேறொரு கைரோபிராக்டரிடம், அதாவது முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் அசைத்துச் சிகிச்சை செய்பவரிடம் போனேன். போய்ப் பத்து நிமிடத்தில் எக்ஸ்ரே எடுத்து, 36 தரம் வரவேண்டும், காசை முன்கூட்டியே கட்டினால் கழிவு என்றார்கள். தலையிடி எங்கே தொடங்குகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

மார்க்கம் வீதியில் ஒரு பிளாசா மாடியில் இருக்கும் இந்தக் கிளினிக்கில், முதல் அரை மணித்தியாலம் கழுத்தில் கையே வைக்கவில்லை. கனேடியன் மெமோரியல் கைரோபிராக்டிக் கல்லூரியில் படித்த தமிழ்ப் பிள்ளை. "அன்ரி, எப்பவாவது இடி விழுந்தமாதிரித் திடீரெண்டு வந்ததா? பார்வை இரண்டாத் தெரியுதா? கை கால் விறைக்குதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இதில் ஒன்று இருந்தாலும் தன்னிடம் வரக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் என்றார். அப்புறம் குளிசைக் கணக்கு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாக எடுத்தால், அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவருமாம். விரல் விட்டு எண்ணினேன், 16 நாள். பயந்துபோனேன்.

பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, நாடியை (முகவாயை) நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி தலையைத் திருப்பினார். இடப்பக்கம் சுகமாகப் போனது. வலப்பக்கம் பாதியில் பூட்டுப் போட்டமாதிரி நின்றது. மண்டைக்குக் கீழே வலப்பக்கம் பெருவிரலால் அழுத்தினார், என் புருவத்துக்கு மேலே அதே நோ! கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்தில் உணர்ச்சி தரும் நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றனவாம். அதனால் கழுத்து நோவை மூளை நெற்றி நோவாக எடுத்துக்கொள்கிறது. ஒரே ஊசிக்கண்ணில் இரண்டு நூல் கோத்தமாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன்.

கழுத்தை நெட்டி முறிப்பதில் மிக அரிதாக இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம் என்பதையும் அவரே சொன்னார். எனக்கு அது வேண்டாம் என்றேன். சரி என்று, சத்தம் வராமல் மெதுவாக அசைத்து இளக்கும் முறையையே செய்தார். ஆறு தரத்துக்குள் மாற்றம் தெரியாவிட்டால் குடும்ப வைத்தியருக்குக் கடிதம் தருவதாகவும் சொன்னார்.

வீட்டில் செய்ய ஒரே ஒரு பயிற்சி: நாடியைப் பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடிப்பது, பத்துத் தரம். மெசின் மேசையையும் உயர்த்தச் சொன்னார். என் கணவர் நாலு காலுக்கும் மரக்கட்டை வெட்டி வைத்தார். அதைவிட எனக்கு உதவியது வேறொன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். நாலாம் தரத்தோடு தலை இரண்டு பக்கமும் திரும்பியது. இப்போது மாதத்தில் இரண்டு நாள் வரும், குளிசை தேவைப்படுவதில்லை.

என் தங்கச்சியையும் கூட்டிப்போனேன். அவளுக்குச் சத்தியும் வெளிச்சம் தாங்காமையும் இருந்தபடியால், இது மைக்ரேன் மாதிரி இருக்கிறது என்று குடும்ப வைத்தியரிடம் அனுப்பிவிட்டார். அவளுக்குக் கழுத்தைத் தொடவும் இல்லை, பார்த்ததற்குக் காசு வாங்கவும் இல்லை.

2004இல் ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் கைரோபிராக்டிக்குக்குக் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டபடியால் காசு நாங்கள்தான் கட்டவேண்டும். எனக்கு முதல் தரம் 110 டொலர், பிறகு 60. என் கணவரின் வேலைக் காப்புறுதி பெரும்பகுதியைத் தந்தது. மாடிக்கு லிஃப்ட் இல்லை, முழங்கால் நோ உள்ளவர்கள் முதலே போன் பண்ணிக் கேளுங்கள். பின்னேர நேரம் கிடைக்க இரண்டு கிழமை பிடிக்கும், காலையில் என்றால் அடுத்த நாளே கிடைக்கும்.