விட்ஸா, வாகன் ஆரா, ஃபிட்டா: இலங்கையில் எது விலைபோகிறது, ஏன்?

இலங்கையில் பழைய கார் பார்க்கப் போகிறவர், திறப்பை வாங்கி ஓடிப் பார்க்க முன்னமே கேட்பது, "திருப்பி விற்றால் என்ன போகும்?" என்றுதான். எந்தக் கார் எடுபடும், எது கிடந்து தூசு பிடிக்கும் என்பதெல்லாம் அந்தக் கேள்வியில் தொங்குகிறது.

ஜப்பான் கார்கள் நிறைந்ததற்குக் காரணம் எளிது. அங்கேயும் வீதியின் இடப்பக்கம்தான் ஓட்டம், ஸ்டியரிங் வலப்பக்கம். அங்கே புதுக் கார் என்றால் மூன்றாம் வருடம், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கைச்செலவு கூடிய கட்டாயப் பரிசோதனை. அது வேண்டாம் என்று பலர் நல்ல நிலையில் உள்ள காரையே விற்றுவிடுவார்கள். சரி, அதில் எது இங்கே வரும்? அதைத் தீர்மானிப்பது நம்முடைய வரி. எஞ்சின் சிசி கூடக் கூட வரியும் ஏறும்.

டொயோட்டா விட்ஸ் 996 சிசி. ஆயிரத்துக்குள் அடங்கியது அதன் ராசி. மூன்று சிலிண்டர் எஞ்சின், ஐந்து பேரை ஏற்றி ஏசியும் போட்டுக் கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் எந்தக் கராஜிலும் பார்ப்பார்கள், கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால் எந்தச் சாமானும் கிடைக்கும்.

சுசுகி வாகன் ஆர் 658 சிசி. விளம்பரத்தில் ஹைபிரிட், அதாவது எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ளது, என்று பெரிதாகப் போடுவார்கள். 2014இல் வந்த மாதிரியில் அந்தச் சின்ன மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்குமே தவிர, தனியே காரை இழுக்காது. அகலம் ஒன்றரை மீற்றருக்கும் கொஞ்சம் குறைவு, யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்குள் வேலியில் உரசாமல் போகும். கூரை உயரம் என்பதால் முழங்கால் நோவுள்ள அம்மாமார் குனியாமல் ஏறி இருக்கலாம். இதை எந்த விளம்பரத்திலும் நான் காணவில்லை, வீட்டில் முடிவெடுப்பதோ பல நேரம் இதை வைத்துத்தான்.

ஓட்டிப் பார்த்தால் மூன்றிலும் கெட்டி ஹொண்டா ஃபிட் ஜிபி5தான். 1500 சிசி ஹைபிரிட், பின் சீற்றை மேலே மடித்தால் சைக்கிளே ஏற்றலாம். ஆனால் 2013இல் வந்த ஒரு வருடத்துக்குள்ளேயே ஜப்பானில் விற்ற கார்களைத் திரும்பத் திரும்பத் திருத்தத்துக்கு அழைத்தார்கள், அதில் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸும் ஒன்று. அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. "ஜிபி5ஆ?" என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள்.

2020 மார்ச்சில் டொலர் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார் சேமிப்புக் கணக்கு மாதிரி ஆகிவிட்டது, வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்கள் எத்தனையோ பேர். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டால் கியூஆர் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் மட்டும் வாங்கிய நாட்களில்தான் ஹைபிரிட்காரர் கொஞ்சம் சிரித்தார்கள்.

பத்து வருடம் விற்காமல் ஓட்டுபவர், நல்ல கியர்பொக்ஸ் மெக்கானிக்கும் கைவசம் இருந்தால், மற்றவர்கள் ஒதுக்கும் ஃபிட்டை எடுக்கலாம் என்பேன். மச்சான் கேட்கவில்லை, விட்ஸ்தான் எடுத்தார். மூன்று வருடமாகியும் சீற்றின் பொலித்தீனைக் கழற்றவில்லை. வாங்க வருகிறவன் பார்ப்பானாம்.