பட்டனைப் பார்த்து டயர் வாங்காதீர்கள்: கிருஷ்ணகிரி, தருமபுரி பிக்கப் வண்டிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பிக்கப் வைத்துப் பிழைக்கிற அண்ணன் தம்பிகள் இதைப் படித்த கையோடு வண்டியிடம் போய்க் குனிந்து டயரின் சைடில் அச்சாகியிருக்கிற எழுத்தைப் படியுங்கள். பட்டன், அதாவது ரோட்டில் படுகிற ரப்பர்க் கட்டை, எவ்வளவு ஆழம் என்று விரல் விட்டுப் பார்ப்பது பிறகு இருக்கட்டும். 215/75 ஆர் 16 என்ற அளவுக்குப் பக்கத்தில், எடை தாங்கும் குறி 103 என்று இருந்தால், அந்த டயரோடு முழு லோடு ஏற்றித் தொப்பூர் கணவாயில் இறங்கவே இறங்காதீர்கள். எனக்கு அப்படி நாலு டயரை மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

நான் ராயக்கோட்டை, பாலக்கோட்டில் இருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றுகிறேன். தக்காளி வரத்து இல்லாத நாளில் ஜெகதேவி பக்கமிருந்து வேலிக்கல் ஏற்றி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி தோட்டங்களில் இறக்குவேன். பாதி ஓட்டம் தேசிய நெடுஞ்சாலையில், மீதி செம்மண் தடத்திலும் ஜல்லி பெயர்ந்த ரோட்டிலும். குவாரிப் பக்கம் கிரானைட் சில்லு கத்தி மாதிரி நிற்கும், சாதா டயரின் பட்டனைத் துண்டு துண்டாகக் கிழித்துவிடும். அதனால்தான் தார் ரோடு, கல் ரோடு இரண்டுக்கும் ஆகிற ஆல் டெரெய்ன் டயர் கேட்டுப் போனேன். ஒன்றரை டன் ஏற்றுவேன், கல் ரோடும் உண்டு, மலை இறக்கமும் உண்டு என்று எல்லாவற்றையும் கடையில் சொன்னேன்.

கிருஷ்ணகிரி பைபாஸில் இருக்கிற கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. கடைக்காரர் எடுத்து வைத்த டயர் பார்க்க மிரட்டலாக இருந்தது. பெரிய பெரிய கட்டையாகப் பட்டன், சைடு வரைக்கும் இறங்கி வந்த பல், வெள்ளை எழுத்தில் ஏ/டி, அதாவது ஆல் டெரெய்ன். "அண்ணா, இது 10 பிளை, ஹெவி ட்யூட்டி, எக்ஸ்போர்ட் சரக்கு. கல்லு மேல ஏத்துங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். பிளை என்றால் டயருக்குள் இருக்கிற நூல் அடுக்கு. சைடில் ஒரு சின்ன முத்திரை இருந்தது, மூன்று முகடு உள்ள மலை, அதற்குள் ஒரு நட்சத்திரம் மாதிரி. அதைத் தொட்டுக் காட்டி, "மலைப் படம் போட்டிருக்கு பாருங்க, மலை ரோட்டுக்குன்னே செஞ்சது" என்றார்.

அது பச்சைப் பொய். மலைக்குள் இருப்பது நட்சத்திரம் இல்லை, பனித்துகள். பனி கொட்டி மூடிய ரோட்டில் பிடிமானம் சோதித்துத் தேறிய டயர் என்பதற்கான முத்திரை அது. அஞ்செட்டி மலையில் எந்தக் காலத்தில் பனி கொட்டியது? எடை தாங்குவதற்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதேபோல ஏ/டி என்ற எழுத்தும் எந்த அரசுத் தரமும் இல்லை. பட்டன் எந்த வகை என்று கம்பெனி தானே போட்டுக்கொள்வது, அவ்வளவுதான். கார் டயரிலும் அந்த எழுத்து வரும், லோடு வண்டி டயரிலும் வரும்.

நாலு டயருக்கு முப்பதாயிரத்துக்கு மேல் வாங்கினார்கள். ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு கடை சீல் வைத்த ஒரு எஸ்டிமேட் ஸ்லிப்பைக் கொடுத்து, பில் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். வரவில்லை.

கொஞ்ச நாள் ஓடியது. ஒருநாள் விடியற்காலை தக்காளி லோடோடு சேலம் போகும்போது பாளையம் டோலுக்கு முன்னாலேயே வண்டியின் பின்பக்கம் லேசாக ஆடுகிற மாதிரி தெரிந்தது. ஓரங்கட்டி டார்ச் அடித்துப் பார்த்தால் பின் இடது டயரின் சைடில் அரை எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருக்கிறது. கை வைத்தால் அந்த இடம் மட்டும் மெத்தென்று இருந்தது. டயர் முழுக்கக் கொதிக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கணவாய் இறக்கம், இரட்டைப் பாலம். அந்த இறக்கத்தில் எத்தனை குடும்பம் நாசமாகியிருக்கிறது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வருகிற டிரெய்லர் லாரி பிரேக் பிடிக்காமல் தள்ளுகிற இடத்தில் இந்த டயர் வெடித்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

தெரிந்த தம்பி ஒருவரின் வண்டியை வரவழைத்து கிரேட்டை எல்லாம் மாற்றி ஏற்றி அனுப்பினோம். மார்க்கெட் நேரம் தவறி, விலை போனது போனதுதான். ஸ்டெப்னி மாட்டிக் காலி வண்டியை மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்து பாலக்கோடு பஞ்சர் கடையில் விட்டேன். அங்கே இருக்கிற பெரியவர் லாரி டயரிலேயே வாழ்நாள் போனவர். டயரைக் கழற்றித் திருப்பிப் போட்டு, ஈரத்துணியால் உள்பக்க சைடைத் துடைத்தார். பாலிஷ் கறுப்பாகக் கழன்று வந்தது. அதற்கு அடியில் மயிரிழை மாதிரி வெடிப்பு, வட்டம் முழுக்க.

"தம்பி, இங்க வந்து படிங்க" என்றார்.

டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில், முட்டை வடிவக் கட்டத்துக்குள் 3519. 2019ஆம் வருஷம் 35ஆவது வாரத்தில் செய்த டயர். புதுசு என்று சொல்லி ஆறு வருஷத்துக்கும் மேல் பழசான சரக்கைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். பல டயர்களில் இந்த நாலு எண் ஒரு பக்க சைடில் மட்டும்தான் இருக்கும். நாலு டயரையும் கழற்றிப் பார்த்தோம். நாலிலும் தேதி இருக்கிற பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தார்கள். ஒன்று இரண்டு என்றால் தற்செயல் எனலாம். நாலும் என்றால் அது வேண்டுமென்று செய்த வேலை.

பெரியவர் அடுத்துக் காட்டியதுதான் எனக்குக் குலை நடுங்க வைத்தது. அளவுக்குப் பக்கத்தில் 103. இந்த எண்தான் லோடு இண்டெக்ஸ், ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறி. 103 என்றால் 875 கிலோ. இரண்டு பின் டயரும் சேர்ந்து 1,750 கிலோ. என் வண்டியின் சொந்த எடையே ஒன்றரை டன்னுக்கு மேல், அதில் ஒன்றரை டன் லோடு. பிக்கப்பில் லோடு முக்கால்வாசி பின் அச்சின் மேல்தான் உட்காரும், அங்கே மட்டும் இரண்டு டன் சுலபமாக வந்துவிடும். அதாவது நான் ஓவர்லோடு ஏற்றாமலே, ஆர்சியில் உள்ள அளவுக்குள் ஏற்றினாலும், அந்த டயருக்கு ஓவர்லோடு.

இதே 215/75 ஆர் 16 அளவில் லோடு வண்டிக்கென்று செய்கிற டயரில் 113/111 என்றோ 116/114 என்றோ இருக்கும். 116 என்றால் 1,250 கிலோ, இரண்டுக்கு 2,500. முதல் எண் ஒற்றை வீலுக்கு, இரண்டாவது எண் ஜோடியாக மாட்டுகிற இரட்டை வீலுக்கு. நமக்கு முதல் எண்தான் கணக்கு. ரிம்மில் இரண்டுமே கச்சிதமாக உட்காரும். ஆனால் தாங்குகிற எடையில் டயருக்கு 375 கிலோ வித்தியாசம்.

காற்றிலும் இதே கதை. லோடு டயர் 65, 70 பிஎஸ்ஐ வரை தாங்கி அந்தக் காற்றின் பலத்தில்தான் எடையைச் சுமக்கும். என் டயரின் சைடில் சின்ன எழுத்தில் அதிகபட்சம் 44 பிஎஸ்ஐ என்று அச்சாகியிருக்கிறது. கடையில் 60 அடித்து அனுப்பியிருக்கிறார்கள். 44க்குள் வைத்தால் லோடில் சைடு மடிந்து மடிந்து சூடேறும், 60 வைத்தால் கல்லில் அடிபடும்போது உள்ளே நூல் அறுந்துவிடும். வீக்கம் என்பது நூல் அறுந்ததுதான். அதற்கு ஒட்டும் கிடையாது, தையலும் கிடையாது. சைடில் வீங்கிய டயரை "இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் மறுபடி போகாதீர்கள். 10 பிளை என்றாரே, அது பலத்துக்கான தரக்குறி, உள்ளே எத்தனை நூல் அடுக்கு என்ற கணக்கு இல்லை. 103ம் 44 பிஎஸ்ஐயும் போட்ட டயர் அந்தத் தரத்தில் வராது.

இன்னொரு அடையாளம் இருக்கிறது, இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. இந்தியாவில் விற்கிற டயருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், இறக்குமதி டயருக்கும் சேர்த்து. முத்திரைக்கு மேலே உள்ள எண் ஐஎஸ் 15633 என்றால் கார் வகை டயர். ஐஎஸ் 15636 என்றால் சரக்கு வண்டி டயர். லோடு பிக்கப்புக்கு நீங்கள் தேட வேண்டியது 15636. முத்திரைக்குக் கீழே இருக்கிற சிஎம்/எல் எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனி லைசென்ஸ் என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம்.

டயரை வண்டியில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் "ஓவர்லோடு அடிச்சிருக்கீங்க அண்ணா" என்றார். 103ஐக் காட்டியதும் குரல் மாறியது. தேதியைக் காட்டியதும், "குடோன்ல நிழல்ல இருந்த டயர், ஒண்ணும் ஆகாது" என்றார். நிழலில் இருந்தாலும் ரப்பர் காய்ந்து இறுகத்தான் செய்யும். பில்லைக் கேட்டேன். "பில் போட்டா 28 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்துக் கட்டணும், பரவால்லையா?" என்றார். டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான். பயமுறுத்திப் பில் இல்லாமல் அனுப்பவே இந்தக் கணக்கு. பில் இல்லாமல் கம்பெனி வாரண்டி கேட்டுப் போய் நிற்க முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசியில், பழைய டயர் நாலையும் விட்டுவிட்டுப் போங்கள், பாதிப் பணம் தருகிறேன் என்றார். கொடுக்கவில்லை. அந்த நாலு டயர்தான் என்னிடம் இருக்கிற ஆதாரம்.

ஆல் டெரெய்னே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்து ரோட்டுக்கு அது தேவைதான். ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் ஆர்சியில் உள்ள மொத்த எடை, கம்பெனி மாட்டிக் கொடுத்த டயரின் லோடு இண்டெக்ஸ். புது டயர் அதற்குக் கீழே ஒரு எண் கூட இறங்கக் கூடாது. அடுத்தது தேதி, அதற்கப்புறம் சைடு எத்தனை பிளை. பட்டன் டிசைன் கடைசி. குவாரி, தோட்டம் என்று கல்லிலேயே கிடக்கிற வண்டிக்கு, சைடில் மூன்று பிளை உள்ள லோடு வகை ஆல் டெரெய்ன் கிடைத்தால் விலை கூடினாலும் எடுங்கள். சைடில் கிழிந்தால் பஞ்சர் போட்டு ஓட்ட முடியாது என்பதால் அந்தப் பணம் வீண் போகாது. ஓசூர், சேலம் என்று தார் ரோட்டிலேயே ஓடுகிறவர்களுக்குக் கட்டைப் பட்டன் தேவையே இல்லை. சத்தமும் அதிகம், டீசலும் அதிகம் குடிக்கும். எதை எடுத்தாலும் ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல் டயர், மறுபக்கம் பழைய வகை நைலான் டயர் என்று மாட்டாதீர்கள். காற்றை டயர் ஆறியிருக்கும்போது, லோடு ஏற்றுவதற்கு முன்னால் பாருங்கள்.

1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் போட்டுப் பதிவு செய்தேன். கடை அசையவில்லை. இப்போது கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். "தொழிலுக்கு வாங்கினதுக்கு நுகர்வோர் கோர்ட் எடுக்காது" என்று என்னிடமே இரண்டு பேர் சொன்னார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்த உழைப்பில் வயிற்றுப் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது என்று தெளிவாக இருக்கிறது. சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் தாராளமாகப் போகலாம். பில் கொடுக்க மறுப்பதையே அந்தச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். என் மனுவோடு எஸ்டிமேட் ஸ்லிப், ஜிபே ரசீது, நாலு டயரின் இரண்டு பக்க சைடும் தெரிகிற போட்டோ எல்லாம் சேர்த்திருக்கிறேன்.

எனக்குப் போட்டது ஒரே லாட்டில் வந்த சரக்கு, நாலிலும் 3519. அந்த லாட்டில் நாலே நாலு டயர் மட்டும் வந்திருக்காது. சமீபத்தில் பைபாஸ் பக்கம் 215/75 ஆர் 16 ஆல் டெரெய்ன் மாட்டியவர்கள், லோடு இறக்கியதும் ஜாக்கி போட்டு ஒரு வீலையாவது கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். 103ம் 3519ம் இருந்தால் வண்டியில் லோடு ஏற்றாமல், டயரையும் கடையில் திருப்பிக் கொடுக்காமல், போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். மனுவில் உங்களையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று ஆணையத்தில் கேட்டுச் சொல்கிறேன்.